மனித எலும்புக்கூடும் ஆதிச்சநல்லூர் எலும்புகளும்

மனித உடலுக்கு வடிவமும் தாங்குதலும் அளிக்கும் எலும்புகள், அவற்றை இணைக்கும் மூட்டுகள், குருத்தெலும்புகள், பிணைப்பு நார்கள் ஆகியவற்றின் தொகுதி எலும்பு மண்டலம் எனப்படும். வளர்ந்த மனிதரிடம் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. உயிருள்ளபோது உடலைத் தாங்கி, அசைத்து, இரத்த அணுக்களை உண்டாக்கும் இம்மண்டலமே, இறந்த பின் உடலில் நெடுங்காலம் எஞ்சும் பகுதியாகவும் உள்ளது. இதனால் எலும்பு மருத்துவத்துக்கும் தொல்லியலுக்கும் பொதுவான பாடப்பொருளாகிறது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இவ்விரண்டையும் சேர்த்துக் கற்கத்தக்க இடம் ஆதிச்சநல்லூர். அங்கு முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகளைச் சான்றாகக் கொண்டு எலும்பு, மூட்டு ஆகியவற்றின் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆதிச்சநல்லூர்: இடமும் அகழாய்வுகளும்

ஆதிச்சநல்லூர் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது. இன்று இது தூத்துக்குடி மாவட்டம் திருவைகுண்டம் வட்டத்தைச் சேர்ந்தது. ஊர்மக்கள் 'பறம்பு' என்றழைக்கும் மேட்டு நிலமே பழங்கால ஈமக்காடு. இதன் பரப்பு ஏறத்தாழ 114 ஏக்கர். சரளையும் வெண்கல் பாறையும் நிறைந்த இம்மேட்டில் குழி வெட்டித் தாழிகளைப் புதைத்துள்ளனர். உழவுக்கு உதவாத மேட்டைச் சுடுகாட்டுக்கும் ஆற்றங்கரை வண்டலை வயலுக்கும் ஒதுக்கும் வழக்கம் இங்கு மிகப் பழமையானது என்பதை இது காட்டுகிறது.

1876-ஆம் ஆண்டில் பெர்லினைச் சேர்ந்த யாகோர் என்பவர் இங்கு முதன்முதலில் தோண்டிப் பொருள்களை ஜெர்மனிக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை விரிவான அகழாய்வு நடத்தினார். இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள், பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் ஆகியவற்றுடன் மண்டையோடுகளும் எலும்புகளும் கிடைத்தன. இவை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குப் பின், இந்தியத் தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி தலைமையில் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழாய்வு நடந்தது. அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. சிலவற்றில் எலும்புக்கூடுகள் உடலமைப்பு குலையாமல் இருந்தன.

எலும்பின் அமைப்பு

எலும்பு உயிரற்ற கல் அன்று. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் செல்களும் கொண்ட உயிருள்ள திசு. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது உப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நாரும் நீரும் ஆகும். தாது உப்பு கடினத்தையும் கொலாஜன் முறியாமல் வளையும் தன்மையையும் தருகின்றன.

இதை வீட்டிலேயே எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து வினிகரில் சில நாட்கள் ஊறவைத்தால், தாது உப்பு கரைந்து எலும்பு ரப்பர் போல வளையும். மாறாக, எலும்பைத் தீயிலிட்டால் கொலாஜன் எரிந்துவிடும். வடிவம் மாறாது, ஆனால் தொட்டால் நொறுங்கும். மண்ணில் புதைந்த எலும்புக்கும் இவ்விரண்டும் மெதுவாக நிகழ்கின்றன. அமிலத் தன்மையுள்ள மண்ணில் தாது உப்பு கரைகிறது. வெப்பமும் ஈரமும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கொலாஜனைச் சிதைக்கின்றன. தாழியின் சுவரும் மூடியும் மண் அழுத்தத்திலிருந்து ஓரளவு காக்கின்றன. ஆயினும் பல தாழிகளில் சில எலும்புத் துண்டுகளே மிஞ்சுகின்றன.

நீண்ட எலும்பை நெடுக்காக வெட்டினால் வெளியே கெட்டியான அடர் எலும்பும், முனைகளில் தேன்கூடு போன்ற பஞ்சு எலும்பும், நடுவே மச்சைக் குழியும் தெரியும். செம்மச்சையில் இரத்தச் சிவப்பணுக்கள், வெள்ளணுக்கள், தட்டணுக்கள் உருவாகின்றன. வளர்ந்தவர்களில் இது பெரும்பாலும் இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு, முள்ளெலும்பு ஆகியவற்றில் உள்ளது. உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் சேமிக்கப்பட்டுள்ளது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் இச்சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

எலும்புக்கூட்டின் பிரிவுகள்

எலும்புக்கூடு அச்சு எலும்புக்கூடு, இணையுறுப்பு எலும்புக்கூடு என இரு பிரிவாகும்.

அச்சு எலும்புக்கூட்டில் 80 எலும்புகள் உள்ளன. மண்டையோட்டில் 22 (மூளையைச் சூழ்ந்தவை 8, முகத்தில் 14), இரு நடுச்செவிகளிலும் சேர்த்து 6, தொண்டையில் நாவடி எலும்பு 1, முதுகெலும்புத் தொடரில் 26, விலா எலும்புகள் 24, மார்பெலும்பு 1 என்பது கணக்கு. குழந்தைப் பருவத்தில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றுள் கடைசியில் உள்ள 5 ஒன்றிணைந்து திருவெலும்பாகவும், அதற்கும் கீழுள்ள 4 ஒன்றிணைந்து வால் எலும்பாகவும் மாறுவதால் எண்ணிக்கை 26 ஆகிறது. எஞ்சிய 24 முள்ளெலும்புகளில் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 உள்ளன.

இணையுறுப்பு எலும்புக்கூட்டில் 126 எலும்புகள் உள்ளன. தோள் வளையத்தில் 4, இரு கைகளில் 60, இடுப்பு வளையத்தில் 2, இரு கால்களில் 60 எலும்புகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு கையிலும் மேற்கை எலும்பு 1, முன்கை எலும்புகள் 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 என 30 எலும்புகள். ஒவ்வொரு காலிலும் தொடை எலும்பு 1, முழங்கால் சில்லு 1, கீழ்க்கால் எலும்புகள் 2, கணுக்காலில் 7, பாதத்தில் 5, விரல்களில் 14 என 30 எலும்புகள். ஆக, உடலின் எலும்புகளில் பாதிக்கு மேற்பட்டவை (106) கைகளின் மணிக்கட்டு முதல் விரல் வரையிலும், கால்களின் கணுக்கால் முதல் விரல் வரையிலும் உள்ளன.

உடலின் மிக நீண்ட எலும்பு தொடை எலும்பு. மிகச் சிறியது நடுச்செவியிலுள்ள அங்கவடி எலும்பு. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மட்டுமே. தாழி மண்ணைச் சல்லடையில் சலிக்காவிட்டால் இத்தகைய சிற்றெலும்புகளும் குழந்தைப் பற்களும் தவறிப்போகும். பழைய அகழாய்வுகளில் மண்டையோடும் பெரிய எலும்புகளுமே முதன்மையாகச் சேகரிக்கப்பட்டதால் எவ்வளவோ செய்தி இழக்கப்பட்டது.

மூட்டுகள்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புகள் சந்திக்கும் இடம் மூட்டு. அசைவைப் பொறுத்து மூட்டுகள் மூவகைப்படும்.

அசையா மூட்டுகள்: மண்டையோட்டு எலும்புகள் மரப்பலகைகளைப் பல்லுப்பல்லாக இழைத்துச் சேர்த்தது போலப் பொருந்தியுள்ளன. பிறந்த குழந்தையின் உச்சந்தலையில் மென்மையாகத் துடிக்கும் உச்சிக்குழி, இவ்வெலும்புகள் இன்னும் சேராத இடமாகும். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது மூடிக்கொள்ளும்.

சிறிதளவு அசையும் மூட்டுகள்: இவற்றில் எலும்புகளுக்கிடையே குருத்தெலும்பு உள்ளது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் இவ்வகை. ஒவ்வொரு வட்டும் சிறிதளவே அசைந்தாலும் எல்லாம் சேர்ந்து முதுகை நன்கு வளைக்க உதவுகின்றன.

நன்கு அசையும் மூட்டுகள்: இவற்றில் எலும்பு முனைகள் வழவழப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கும். சுற்றியுள்ள உறைக்குள் மூட்டுத் திரவம் உயவுப்பொருளாகச் செயல்படும். எலும்பையும் எலும்பையும் கட்டுவது பிணைப்பு நார். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். இம்மூட்டுகளின் உள்வகைகள் வருமாறு:

- பந்துக் கிண்ண மூட்டு: தோள், இடுப்பு. எல்லாத் திசையிலும் அசையும்.
- கீல் மூட்டு: முழங்கை, முழங்கால். கதவு போலப் பெரும்பாலும் ஒரே தளத்தில் அசையும்.
- முளை மூட்டு: கழுத்தின் முதல் இரு முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ளது. 'இல்லை' என்று தலையாட்ட உதவுகிறது.
- சேண மூட்டு: கட்டைவிரலின் அடி. மற்ற விரல்களைத் தொட உதவுகிறது. பத்தமடைப் பாய் நெசவில் கோரையை இழுத்து நெருக்குவதும், முக்கூடலில் பீடி இலையைச் சுருட்டுவதும் இம்மூட்டின் வேலையே.
- முட்டை மூட்டு: மணிக்கட்டு. முன்பின்னும் பக்கவாட்டிலும் அசையும்.
- வழுக்கு மூட்டு: மணிக்கட்டு, கணுக்காலின் சிற்றெலும்புகளுக்கு இடையில் உள்ளது.

தாழிக்குள் உடல்

ஆதிச்சநல்லூரில் தாழியின் வாயகலத்தை விட நீட்டிக் கிடத்திய உடல் பெரியது. எனவே உடலைக் குந்தவைத்து, முழங்கால்களை மார்போடு மடக்கி உள்ளே வைத்துள்ளனர். இது மூட்டுகளால் இயலுகிறது. பந்துக் கிண்ண மூட்டான இடுப்பில் தொடை வயிற்றோடு மடிகிறது. கீல் மூட்டான முழங்காலில் கீழ்க்கால் தொடையோடு மடிகிறது. முதுகெலும்பு முன்னோக்கி வளைகிறது. இறந்த சில மணி நேரத்தில் தசைகள் விறைத்துவிடுவதால், விறைப்பு ஏறுமுன்போ அது தளர்ந்த பின்போ தான் இவ்வாறு மடக்க முடியும். விறைப்பு பொதுவாக ஓரிரு நாளில் தளரும். வெப்ப நாட்டில் இன்னும் விரைவாகத் தளரும்.

உடலை அப்படியே தாழியில் வைப்பது முதல்நிலைப் புதைப்பு. உடலை வேறிடத்தில் விட்டுத் தசை அழிந்த பின் எலும்புகளை மட்டும் பொறுக்கித் தாழியிலிடுவது இரண்டாம் நிலைப் புதைப்பு. இவற்றைப் பிரித்தறியச் சிறு மூட்டுகள் உதவுகின்றன. தசை அழியும்போது விரல், மணிக்கட்டு, பாத எலும்புகள் முதலில் கழன்று சிதறும். தாழியில் இவை தத்தம் மூட்டு வரிசையில் இருந்தால் உடல் முழுமையாக வைக்கப்பட்டது எனலாம். பெரிய எலும்புகள் மட்டும் வரிசையின்றிக் கிடந்தால் பின்னர் பொறுக்கி வைக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு.

எலும்பிலிருந்து அறியக்கூடியவை

வயது: குழந்தைகளில் பல் முளைக்கும் ஒழுங்கு வயதைத் துல்லியமாகக் காட்டும். வளரும் வயதில் நீண்ட எலும்புகளின் முனைகள் குருத்தெலும்புத் தட்டால் தனித்திருக்கும்; வளர்ச்சி நின்றபின் அவை ஒட்டிக்கொள்ளும். காரை எலும்பின் மார்புப் பக்க முனை இருபதுகளின் பிற்பகுதியில் தான் ஒட்டுகிறது. அதன் பின் பல் தேய்வும் மூட்டுப் பரப்பின் மாற்றங்களும் மட்டுமே துணை. முதியோர் வயதைப் பத்தாண்டு எல்லைக்குள் கூறுவதே கடினம்.

பால்: இடுப்பெலும்பே சிறந்த சான்று. குழந்தைப்பேற்றுக்கு ஏற்பப் பெண்ணின் இடுப்பு வளையம் அகன்றும் அதன் முன்புறக் கோணம் விரிந்தும் இருக்கும். பருவமடையாத குழந்தைகளில் இவ்வேறுபாடு தெளிவாக இராது.

உயரம்: தொடை எலும்பின் நீளத்திலிருந்து மதிப்பிடப்படும். ஒரு மக்கள் கூட்டத்துக்கு உருவாக்கிய சூத்திரத்தை இன்னொரு கூட்டத்துக்கு அப்படியே பயன்படுத்தினால் பிழை வரும்.

நோயும் வாழ்வும்: கண்குழியின் மேற்கூரையில் நுண்துளைகள் இருந்தால் சிறுவயதில் இரத்தசோகை இருந்திருக்கலாம். பல் எனாமலில் குறுக்குக் கோடுகள், குழந்தைப் பருவத்தில் பசியோ கடுங்காய்ச்சலோ வந்து வளர்ச்சி தடைப்பட்டதைக் குறிக்கும். ஒன்றுகூடி ஆறிய முறிவு இன்னொரு செய்தியையும் தருகிறது. தொடை முறிந்தவர் பல வாரம் நடக்க முடியாது. அவர் பிழைத்திருந்தால் யாரோ உணவும் நீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டனர் என்றே பொருள்.

இனப்பகுப்பு என்னும் பிழை

ரீ சேகரித்த மண்டையோடுகளின் வரலாறு எச்சரிக்கையாகவும் அமைகிறது. அக்காலத்தில் மண்டையோட்டின் நீளத்துக்கும் அகலத்துக்குமான விகிதத்தைக் கொண்டு மனிதரை இனங்களாகப் பிரிக்கலாம் என்று நம்பினர். சாலி சுக்கர்மன் 1930-இல் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றிய ஆய்வைச் சென்னை அருங்காட்சியக வெளியீடாகத் தந்தார். அவரும் பிறரும் விரல்விட்டு எண்ணத்தக்க சில மண்டையோடுகளுக்கு ஆஸ்திரலாய்டு, மத்தியதரைக் கடலினம் போன்ற பெயர்களைச் சூட்டினர். தமிழர் யார், எங்கிருந்து வந்தனர் என்ற வாதங்களில் இப்பெயர்கள் சான்றாக எடுத்தாளப்பட்டன. இந்நூற்றாண்டில் கிடைத்த மண்டையோடுகளையும் இவ்வாறே பல இனங்களாகப் பகுத்த செய்திகள் பரவலாகப் பேசப்பட்டன.

இம்முறைக்கு இரு அடிப்படைக் குறைகள் உண்டு. முதலாவது, மண்டையோட்டு வடிவம் மரபால் மட்டும் அமைவதில்லை. உணவும் சூழலும் வளர்ப்பும் அதை மாற்றும். அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளை அளந்த பிரான்சு போவாசு, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தலை அளவில் வேறுபாடு இருப்பதை 1912-இல் காட்டினார். இரண்டாவது, மனிதருக்கிடையிலான மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே உள்ளது என்று ரிச்சர்டு லெவன்டின் 1972-இல் கணக்கிட்டார். ஒரே தெருவில் வாழும் உறவினரிடையேயும் நீள்தலையும் அகல்தலையும் காணப்படுவது இயல்பு. ஆகவே ஒரு மண்டையோட்டின் வடிவை மட்டும் வைத்து அதற்குரியவர் அயலவர் என்றோ இம்மண்ணின் மூத்தவர் என்றோ கூறுவது அறிவியலாகாது.

காலமும் மரபணுவும்

எலும்பில் கொலாஜன் எஞ்சியிருந்தால் அதிலுள்ள கரிமத்தைக் கொண்டு காலம் கணிக்கலாம். இல்லையெனில் தாழியிலுள்ள கரி, உமி போன்றவை உதவும். ஆதிச்சநல்லூர் மாதிரிகள் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தெரிவிக்கப்பட்டது. அருகிலுள்ள சிவகளையில் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 எனத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது.

பழைய மரபணுவைத் தேடுவோர் முதலில் நாடுவது உட்செவியைச் சூழ்ந்த கன்னப்பொறி எலும்பின் பாறைப் பகுதியையும் பற்களையும். உடலிலேயே மிக அடர்த்தியான இவ்வெலும்பு மரபணுவை நன்கு காக்கிறது. ஆயினும் வெப்பமும் பருவமழை ஈரமும் மாறிமாறி வரும் தமிழகத்தில் அது விரைவில் சிதைகிறது. வெறுங்கையால் தொட்டால் இன்றைய மனிதரின் மரபணு கலந்துவிடும். அதனால் தாழி திறக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அணிவது இன்று கட்டாயமாகிவிட்டது.

எலும்பின் வளர்ச்சியும் தேய்வும்

எலும்பாக்கும் செல்கள் புதிய எலும்பைப் படிய வைக்கின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் பழையதை அகற்றுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ பத்திலொரு பங்கு எலும்பு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயதையொட்டி எலும்புச் செறிவு உச்சமடையும். பின்னர் மெல்லக் குறையும். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களில் இக்குறைவு விரைவாகிறது. செறிவு மிகக் குறைந்து எலும்பு எளிதில் முறியும் நிலை எலும்புத் தேய்வு நோய் எனப்படும். மணிக்கட்டு, முள்ளெலும்பு, இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பு ஆகியவை இந்நோயில் அதிகம் முறிபவை. மூட்டுக் குருத்தெலும்பு தேய்வது இதனினும் வேறானது. அது மூட்டுத் தேய்வு எனப்படும். பேச்சுவழக்கில் இரண்டையும் 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்வதால் குழப்பம் நேர்கிறது.

எலும்பைக் காக்க மூன்று தேவை. முதலாவது கால்சியம். வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவை இதற்கு நல்லவை. இரண்டாவது, கால்சியத்தை உடல் ஏற்கத் தேவையான வைட்டமின் டி. வெயில் தோலில் பட்டால் உடலே இதை உண்டாக்கும். வெயில் மிகுந்த ஊரிலும் நாள் முழுதும் வீட்டுக்குள் அமர்ந்து வேலை செய்வோருக்கு இது குறையலாம். மூன்றாவது, எலும்பின் மீது எடை விழும் உழைப்பு. நடை, படியேறுதல், பளு தூக்குதல் ஆகியவை எலும்பாக்கும் செல்களைத் தூண்டுகின்றன. புகையிலையும் மதுவும் எலும்பைக் குறைக்கும்.

முறிவும் முதலுதவியும்

எலும்பு முறிந்தால் முதலில் அவ்விடத்தில் இரத்தம் உறையும். ஓரிரு வாரங்களில் மென்மையான குருத்தெலும்புப் பாலம் உருவாகி, பின் அது கெட்டி எலும்பாகும். மாதக்கணக்கில் அது செதுக்கப்பட்டுப் பழைய வடிவை நெருங்கும். முனைகள் நேராகவும் அசையாமலும் இருந்தால் தான் இது ஒழுங்காக நடக்கும்.

முறிவு என ஐயம் வந்தால் அவ்வுறுப்பை நீவவோ இழுக்கவோ எண்ணெய் தேய்த்து உருவவோ கூடாது. இருக்கும் நிலையிலேயே பலகையோ மடித்த அட்டையோ வைத்து, முறிவின் மேல்மூட்டும் கீழ்மூட்டும் அசையாதபடி தளர்வாகக் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூட வேண்டும். உள்ளே தள்ளக் கூடாது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

கட்டுப் போட்ட பின் விரல்கள் வெளுத்தாலோ நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி தாங்க முடியாமல் கூடினாலோ கட்டு இறுக்கமாகி இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று பொருள். உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாட்டுக்கட்டோ மாவுக்கட்டோ எதுவாயினும் இது பொருந்தும். சில மணி நேரத் தாமதத்தில் கையையோ காலையோ இழக்க நேரிடலாம்.

வயதானோருக்கு வீட்டில் விழுவதே முறிவுக்கு முதன்மைக் காரணம். குளியலறையில் வழுக்காத தரை, கைப்பிடி, இரவில் விளக்கு, சரியான கண்ணாடி ஆகிய எளிய ஏற்பாடுகளால் பல இடுப்பு முறிவுகளைத் தவிர்க்கலாம். இடுப்பு முறிந்த முதியவர் படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப்புண், நுரையீரல் அழற்சி போன்றவற்றால் உயிருக்கே ஆபத்து வரும் என்பதால், விரைவான சிகிச்சையும் விரைவில் எழுந்து நடக்கப் பழகுதலும் இன்றியமையாதவை.

ஆதிச்சநல்லூர் பறம்பில் அகழ்ந்த குழிகளை மூடாமல், கண்ணாடித் தளத்தின் மேல் நின்று தாழிகளை உள்ள இடத்திலேயே காணும் வசதி இப்போது உள்ளது. அங்கு செல்லும் மாணவர், தாழியில் தெரியும் எலும்பு 206-இல் எது, எம்மூட்டில் மடிந்துள்ளது, அதைச் சுற்றிச் சிற்றெலும்புகள் உள்ளனவா என்று பார்த்தால், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவரை அவருடைய உறவினர் எவ்வாறு அடக்கம் செய்தனர் என்பதைத் தாமே படித்தறியலாம்.